உருக்கிக் கலந்த பிசி–பிபிடி: கலந்ததா, வினைபுரிந்ததா என்று பிரித்தறிவது எப்படி?

பாலிகார்பனேட்டையும் (பிசி) பாலிபியூட்டிலீன் டெரெப்தாலேட்டையும் (பிபிடி) பாதிக்குப் பாதி எடுத்து, 270 டிகிரி செல்சியஸில் வெகுநேரம் உருக்கிக் கலக்கி, ஒரு துளியை டிஎஸ்சியில் (சூடேற்றும்போது பொருள் எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் சில சமயம் ஒரே ஒரு கண்ணாடி நிலைமாற்றம்தான், அதாவது கண்ணாடிபோல் விறைத்த பொருள் இளகத் தொடங்கும் இடம்தான், தெரியும். உடனே 'இது முழுக்கக் கலக்கும் ஜோடி' என்று நோட்டில் எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். அந்தக் கிண்ணத்தில் இருப்பது நீங்கள் ஹாப்பரில் கொட்டிய இரண்டு பாலிமர்கள் அல்ல. சூட்டில் பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, ஒன்றின் துண்டு இன்னொன்றில் ஒட்டி உருவான புதுக் கோபாலிமர் அது. தானாகக் கலப்பது வேறு, வினையால் ஒன்றாவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எடுக்கிற எந்த முடிவும் அடுத்த லாட்டில் கவிழும்.

பிரித்துப் பார்க்கும் வழிமுறையைப் பிசி–பிபிடி ஜோடியை வைத்தே இங்கே சொல்கிறோம். காரணம், இது பாடப்புத்தகத்து ஜோடி மட்டும் அல்ல. ஜெனரல் எலக்ட்ரிக் 'செனாய்' என்ற பெயரில் விற்ற கலவை இதுதான். 1982-இல் வந்த ஃபோர்டு சியரா காரின் பம்பர் இதில் வார்க்கப்பட்டது. பிசி தாக்குதலைத் தாங்கும், ஆனால் பெட்ரோல் பட்டால் அழுத்தம் உள்ள இடத்தில் விரிசல் விடும். பிபிடி படிகமாகும் தன்மையால் பெட்ரோலுக்கு அசையாது, ஆனால் வெட்டுத்தடம் இருந்தால் எளிதில் உடையும். இரண்டின் நல்லதும் ஒரே பொருளில் கிடைக்க வேண்டுமானால், பிபிடி படிகமாகவே நீடிக்க வேண்டும். வினை மிஞ்சினால் முதலில் போவது அந்தப் படிகம்தான்.

ஏன் கலப்பதில்லை, ஏன் வினைபுரிகிறது

தண்ணீரும் சாராயமும் கலப்பதுபோல் பாலிமர்கள் கலப்பதில்லை. சிறு மூலக்கூறுகளைக் கலக்கவைப்பதில் பெரும்பங்கு என்ட்ரோபிக்கு, அதாவது ஒழுங்கு குலைந்து பரவும் இயல்புக்கு. நீண்ட சங்கிலிகளில் அந்த ஆதாயம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ப்ளோரி–ஹக்கின்ஸ் கணக்கில் இது தெளிவாகத் தெரியும்: சிறு மூலக்கூறுகளுக்கு இடைவினை எண் (ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகின்றன என்ற அளவு) 2 வரை போனாலும் கலக்கும். இரண்டு பக்கமும் 1000 அலகு நீளமுள்ள சங்கிலிகளானால் அந்த வரம்பு 0.002. அதாவது ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிடிக்காவிட்டாலே பிரிந்துவிடும். பாலிபீனிலீன் ஆக்ஸைடும் பாலிஸ்டைரீனும் எந்த விகிதத்திலும் உண்மையாகவே கலக்கும். அது விதிவிலக்கு. பிசியும் பிபிடியும் பாதி கலக்கும் வகை: பிசி நிறைந்த ஒரு பகுதி, பிபிடி நிறைந்த ஒரு பகுதி, ஒவ்வொன்றிலும் மற்றது கொஞ்சம்.

வினைக்குக் காரணம் பிபிடிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தயாரிக்கப் பயன்படும் டைட்டானியம் வினையூக்கி, பெரும்பாலும் டெட்ராபியூட்டில் டைட்டனேட், பாலிமரிலேயே தங்கிவிடுகிறது. யாரும் அதைக் கழுவி எடுப்பதில்லை. அது பிபிடியின் எஸ்டர் பிணைப்பையும் பிசியின் கார்பனேட் பிணைப்பையும் மாற்றிக் கோக்கும். இதுதான் எஸ்டர் பரிமாற்ற வினை. கூடவே பிபிடியின் ஹைட்ராக்ஸில் முனையும் கார்பாக்ஸில் முனையும் பிசி சங்கிலியைத் தாக்கும். கார்பாக்ஸில் முனை தாக்கும்போது கார்பன் டை ஆக்ஸைடு வெளிவரும். எடுத்த உருகலில் நுண்குமிழிகள் நிற்பதற்கு ஈரம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். முதலில் நீண்ட கட்டங்கள் (ஒரே வகை அலகுகளின் தொடர்கள்) கொண்ட கோபாலிமர் உருவாகும். நேரம் போகப்போக கட்டங்கள் குறுகி, கடைசியில் எல்லாம் தாறுமாறாகக் கோத்த, படிகமாகாத ஒரே பொருளாகும். பிஇடியும் (பாலிஎத்திலீன் டெரெப்தாலேட்) இதே வழியில் போகும், ஆனால் அதில் வழக்கமாக இருக்கும் ஆன்டிமனி வினையூக்கி டைட்டானியத்தைவிட மிகவும் மந்தமானது. அதனால் பிஇடியில் கிடைத்த நேரக் கணக்கை பிபிடிக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

உலர்த்தல்

இந்தப் படியில் சோம்பல்பட்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் வீண். பிசி, பிபிடி இரண்டும் ஈரத்தோடு உருகினால் சங்கிலி அறுபடும். இரண்டையும் தனித்தனியே 120 டிகிரியில் 4 மணி நேரம், ஈரம் நீக்கிய காற்று ஓடும் டிரையரில் உலர்த்துங்கள். இலக்கு 0.02 சதவீதத்துக்குக் கீழே. சாதாரண ஹாட் ஏர் அவனில் மழைக்காலத்தில் இந்த அளவை எட்ட முடியாது. வெளிக்காற்றின் ஈரமே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். வாக்குவம் அவன் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தட்டில் குருணை 2 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. எடுத்ததும் அலுமினியப் பையில் சூடாகவே கட்டிவையுங்கள். திறந்த வாளியில் அரை மணி நேரம் இருந்தால் மறுபடி ஈரம் ஏறத் தொடங்கிவிடும்.

கலவை அறையில் எவ்வளவு போடுவது

ஆய்வுக்கூட உள்கலப்பானில் அளவு தவறினால் கலப்பே நடக்காது. உருளை ரோட்டர் பொருத்திய பின் 69 கன செ.மீ. இடம் மிஞ்சும் ஹாக்கே ரியோமிக்ஸ் 600 வகை அறையை எடுத்துக்கொள்வோம். 70 சதவீதம் நிரப்ப வேண்டும், அதாவது 48.3 கன செ.மீ. இங்கே பலரும் அறை வெப்பநிலை அடர்த்தியைப் போட்டுக் கணக்குப் பார்த்துவிடுகிறார்கள். உருகலின் அடர்த்தி வேண்டும். பிசி–பிபிடி உருகலுக்குத் தோராயமாக 1.08 என்று வைத்தால் 52 கிராம். பிசி 26, பிபிடி 26. குறைத்துப் போட்டால் உருகல் ரோட்டரோடு சேர்ந்து சும்மா சுழலும். அதிகம் போட்டால் மேலே உள்ள பகுதி தள்ளுகட்டைக்குக் கீழே தேங்கி, கலக்காமல் வேகும்.

முதலில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள்: அதே 48.3 கன செ.மீ., 250 டிகிரி, நிமிடத்துக்கு 60 சுற்று, 8-ஆவது நிமிடத்தில் டார்க் (ரோட்டரைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு டார்க்குகளின் விகிதமே, கலக்கும் நிலையில் உள்ள பாகுத்தன்மை விகிதத்துக்கு ஒரு நல்ல மதிப்பீடு. டேட்டா ஷீட்டில் உள்ள எம்எப்ஐ (உருகல் எவ்வளவு எளிதில் ஓடும் என்று காட்டும் எண்) இங்கே உதவாது. பிசிக்கு அது 300 டிகிரியில் அளந்தது, பிபிடிக்கு 250-இல்.

இந்த விகிதத்தை வைத்து எது தொடர்ச்சியான பகுதியாக அமையும் என்று முன்கூட்டியே சொல்லலாம். பிசியின் டார்க் 18, பிபிடியின் டார்க் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள்; விகிதம் 3. கன அளவு விகிதமும் 3 ஆகும் இடத்தில், அதாவது பிசி 75 பங்கு இருக்கும்போதுதான், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய நிலை வரும். பாதிக்குப் பாதி போட்டால் இளகிய பிபிடிதான் கடலாகும், பிசி தீவாகும். பெட்ரோல் தாங்க வேண்டிய பாகத்துக்கு அதுதான் வேண்டும். இந்த விகிதம் 4-ஐத் தாண்டிவிட்டால், வெறும் சறுக்கு ஓட்டத்தில் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் ஓட்டம்) கெட்டியான துளிகள் உடையவே உடையாது. நீண்டு சுழலுமே தவிரப் பிரியாது. அப்போது சுற்றைக் கூட்டிப் பயனில்லை. பாகுத்தன்மை நெருங்கிய வேறு கிரேடுக்கு மாறுங்கள்.

தடுப்பான்: எது, எவ்வளவு, எப்போது

வினையைத் தடுக்க, டைட்டானியத்தைக் கட்டிப்போடும் பாஸ்பரஸ் சேர்மம் வேண்டும். இதுதான் தடுப்பான். டை-ஆக்டாடெசில் பாஸ்பைட் இதற்கு நன்கு வேலை செய்யும். அமில வகையில் மோனோசிங்க் பாஸ்பேட் உண்டு. சோதனைக்கு 0.3 சதவீதத்தில் தொடங்குங்கள்; 52 கிராமுக்கு 0.16 கிராம். இவ்வளவு சிறிய எடையை நேராகத் தூவினால் சுவரில் ஒட்டிப் போய்விடும். முதலில் பிபிடித் தூளோடு சேர்த்து 5 சதவீத மாஸ்டர்பேட்ச் (செறிவான முன்கலவை) செய்துவைத்து, அதிலிருந்து 3.1 கிராம் எடுங்கள். அதில் உள்ள பிபிடியை மொத்தக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

வரிசை முக்கியம். வினையூக்கி இருப்பது பிபிடியில். ஆகவே பிபிடியும் தடுப்பானும் முதலில் உள்ளே போக வேண்டும். 2 நிமிடம் உருகி ஓடிய பிறகே பிசியைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், தடுப்பான் டைட்டானியத்தைத் தேடிப் போவதற்குள் வினை தொடங்கிவிடும். பிறகு 'தடுப்பான் வேலை செய்யவில்லை' என்று பழி அதன்மேல் விழும்.

இரண்டு எச்சரிக்கைகள். டிரைபீனைல் பாஸ்பைட்டை ஒப்பீட்டுச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். அது பாலியெஸ்டர் சங்கிலிகளின் முனைகளை இணைத்து நீளமாக்கக்கூடியது, டார்க் ஏறும், எதனால் ஏறியது என்று தெரியாது. இன்னொன்று, அதிகம் போட்டால் நல்லது என்ற எண்ணம். பாஸ்பைட் ஈரத்தில் உடைந்து அமிலமாகும். மிஞ்சிய அமிலம், வார்த்த பாகம் வெந்நீரிலோ புழுக்கத்திலோ கிடக்கும்போது பிசியை அரித்துக்கொண்டே இருக்கும். 0.1, 0.2, 0.3 என்று ஏற்றிப் பார்த்து, வினை நின்ற மிகக் குறைந்த அளவில் நிறுத்துங்கள்.

ஓட்டமும் மாதிரி எடுப்பதும்

இரண்டு தொகுதி ஓட்ட வேண்டும்: தடுப்பான் போட்டது, போடாதது. மற்ற எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டிலும் 2, 5, 10, 20 நிமிட மாதிரிகள் வேண்டும். ஒரே ஓட்டத்திலிருந்து நான்கு முறை ஒன்றரை கிராம் எடுத்தால் 6 கிராம் குறைந்து, நிரப்பு 70-லிருந்து 62 சதவீதத்துக்கு இறங்கும். கடைசி மாதிரி வேறு நிலையில் கலந்ததாகிவிடும். ஒவ்வொரு முறையும் அரை கிராமுக்கு மேல் எடுக்காதீர்கள். டிஎம்ஏவுக்கும் (சூடேற்றியபடி அதிரவைத்து விறைப்பை அளக்கும் சோதனை) கரைப்புச் சோதனைக்கும் அதிகம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நேரத்துக்கும் தனி ஓட்டம் போடுங்கள்.

செட் வெப்பநிலையை நம்பாதீர்கள். 250 வைத்தால், உராய்வால் உருகல் 10 முதல் 20 டிகிரி மேலே போகும். அறைக்குள் நீட்டிய தெர்மோகப்பிள் காட்டுவதையே எழுதுங்கள். பிசியைப் போட்டதும் டார்க் குப்பென்று எகிறி, உருக உருக இறங்கி, மூன்று நான்கு நிமிடத்தில் சமமாகும். அந்தச் சமநிலைக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதே செய்தி. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சங்கிலி அறுபடுகிறது. முதல் சந்தேகம் ஈரத்தின்மேல். சமமாகவே ஓடுகிறது என்றால் வினை நடக்கவில்லை என்று பொருள் அல்ல. எஸ்டர் பரிமாற்றம் சங்கிலித் துண்டுகளை இடம் மாற்றுகிறதே தவிர சராசரி நீளத்தை மாற்ற வேண்டியதில்லை, அதனால் டார்க்குக்கு அது தெரியாது. டார்க் வரைபடத்தை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மாதிரியைப் பித்தளைக் கரண்டியால் எடுத்து நேராகப் பனிக்கட்டி நீரில் போடுங்கள். எஃகுக் கரண்டி ரோட்டரைக் கீறும். தட்டில் வைத்து ஆறவிட்டால், நடுவில் உள்ள உருகல் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் வினை செய்துகொண்டிருக்கும். நல்ல மாதிரி வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். தடுப்பான் இல்லாத 20 நிமிட மாதிரி மஞ்சளேறி, ஓரங்களில் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால், டிஎஸ்சிக்குப் போகும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. மஞ்சள், டைட்டானியமும் பீனால் முனைகளும் சேர்ந்து தரும் நிறம். தெளிவு, படிகம் போனதன் அடையாளம். ஈரம் துடைத்து, 80 டிகிரி வாக்குவத்தில் ஒரு இரவு உலர்த்துங்கள்.

உருகல் அறைக்கு மேலே புகை உறிஞ்சி ஓடிக்கொண்டே இருக்கட்டும். சூட்டில் பிபிடி டெட்ராஹைட்ரோபியூரான் விடும். அது எளிதில் தீப்பிடிக்கும் ஆவி.

டிஎஸ்சியில் ஏமாறும் இடங்கள்

5 முதல் 8 மில்லிகிராம், நைட்ரஜன், நிமிடத்துக்கு 10 டிகிரி. வழக்கமாக எல்லோரும் 'வெப்ப வரலாற்றை அழிக்க' 280 டிகிரிக்கு ஏற்றி 5 நிமிடம் நிறுத்துவார்கள். இந்த ஜோடியில் அது பெரும் பிழை. அந்த 5 நிமிடமும் கிண்ணத்துக்குள் வினைதான் நடக்கிறது. 250-க்கு மேல் போகாதீர்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். டிஎஸ்சி சொந்தமாக இல்லாத கம்பவுண்டிங் யூனிட்டுகள் சென்னை கிண்டியில் உள்ள சிபெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற கூடங்களில் சோதனைக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இந்த இரண்டு எண்களையும் எழுதியே கொடுங்கள், இல்லாவிட்டால் வழக்கமான முறையில் ஓட்டிவிடுவார்கள்.

தனி பிசியின் கண்ணாடி நிலைமாற்றம் 150 டிகிரி அருகில், பிபிடிக்கு 45 அருகில், பிபிடியின் உருகல் முகடு 223 அருகில். முழுக்க ஒன்றாகிவிட்டால் எங்கே வர வேண்டும் என்பதை ஃபாக்ஸ் சமன்பாடு சொல்லும். கெல்வினில் போட வேண்டும்: பாதிக்குப் பாதிக்கு, 0.5-ஐ 423-ஆல் வகுத்து, 0.5-ஐ 318-ஆல் வகுத்து, கூட்டித் தலைகீழாக்கினால் 363 கெல்வின், அதாவது 90 டிகிரி. மாற்றம் 90-ஐச் சுற்றி ஒன்றே ஒன்று இருந்தால், கலந்தோ வினையாலோ முழுக்க ஒன்றாகிவிட்டது. 130-க்கு மேல் ஒன்றும் 60-க்குள் ஒன்றும் இருந்தால் பாதிக் கலப்பு.

பிபிடி வேகமாகப் படிகமாவதால் அதன் நிலைமாற்றப் படி மிகவும் மங்கலாக இருக்கும். டிஎஸ்சியில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று எழுதாதீர்கள். டிஎம்ஏவில் 1 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இரண்டு முகடுகளும் தெளிவாக நிற்கும், எண்கள் மட்டும் டிஎஸ்சியைவிட 10, 15 டிகிரி மேலே வரும். பிஇடி கலவையில் தொல்லை வேறு: பிஇடி சூடேறும்போது படிகமாகும் முகடு பிசியின் நிலைமாற்றத்தின் மேலேயே வந்து அமர்ந்து அதை மறைத்துவிடும். அங்கே டிஎம்ஏ இல்லாமல் பேசவே முடியாது. உலர்த்திய வெப்பநிலைக்குச் சற்று மேலே, 95 டிகிரி வாக்கில் ஒரு சிறு மேடு தெரிந்தால் அது புது நிலைமாற்றம் அல்ல. 80 டிகிரியில் கிடந்தபோது உருவான சின்னப் படிகங்கள் உருகுகின்றன.

ஒரே நிலைமாற்றம் என்பதற்கும் எல்லை உண்டு. 10 நானோமீட்டர் அளவிலான பகுதிகளை இந்தக் கருவி பிரித்துக் காட்டாது. 10 சதவீதத்துக்குக் குறைவான கூறும் தெரியாது.

வினையை எல்லாவற்றுக்கும் முன்னால் காட்டிக்கொடுப்பது, குளிரும்போது வரும் படிகமாதல் முகடு. உருகல் முகடு அசைவதற்கு முன்பே இது கீழே நகரத் தொடங்கும். ஒரே கிண்ணத்தில் மலிவாக ஒரு சோதனை செய்யலாம்: 260 டிகிரிக்கு ஏற்றி 5 நிமிடம் நிறுத்திக் குளிர்வித்து, மறுபடி ஏற்றி, ஐந்து சுற்று. இங்கே வினையை நாமே வேண்டுமென்று தூண்டுகிறோம். தடுப்பான் போதுமான அளவு இருந்தால் ஐந்து குளிர்வு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும். போதாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் முகடு இடப்பக்கம் சரிந்து, அகன்று, சப்பையாகும். தடுப்பான் அளவை முடிவுசெய்ய இதைவிட எளிய வழி இல்லை.

கரைத்துப் பார்ப்பது

டைகுளோரோமீத்தேனில் பிசி கரையும், பிபிடி கரையாது. அரை கிராம் மாதிரியை 1 மி.மீ. துண்டாக நறுக்கி, 30 மி.லி. கரைப்பானில் 24 மணி நேரம் ஆட்டுங்கள். வடிகட்டி, கரையாததை உலர்த்தி எடை போடுங்கள். பாதிக்குப் பாதிக் கலவையில் 0.25 கிராம் கரைய வேண்டும். அதற்கு மேல் கரைந்தால், பிசித் துண்டைப் பிடித்துக்கொண்டு பிபிடியும் கரைசலுக்குள் வந்திருக்கிறது, கோபாலிமர் உருவாகிவிட்டது. தனி பிபிடியிலும் சிறு வளையமூலக்கூறுகள் கொஞ்சம் கரையும், ஆகவே வெறும் பிபிடியை வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்து அந்த எடையைக் கழியுங்கள். நறுக்காமல் ஒரு முழுத் துண்டையும் தனியே ஊறவையுங்கள்: உதிர்ந்து தூளானால் பிசி கடலாக இருந்திருக்கிறது. வடிவம் குலையாமல் பஞ்சுபோல் நின்று பிசியின் எடை முழுதும் குறைந்தால் இரண்டும் பின்னியிருக்கின்றன. எடை குறையாமல் அப்படியே கிடந்தால் பிசி பிபிடிக்குள் தீவாகச் சிறைப்பட்டிருக்கிறது. புகை உறிஞ்சும் பெட்டிக்குள் செய்யுங்கள், மெல்லிய நைட்ரைல் கையுறையை இந்தக் கரைப்பான் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், பட்டால் உடனே மாற்றுங்கள்.

கரைந்த பகுதியை உப்புத் தகட்டில் ஊற்றி ஆவியாக்கி எப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) பாருங்கள். பிசியின் கார்பனேட் அலைஎண் 1775-இல், பிபிடியின் எஸ்டர் 1720-இல். கரைசலில் 1720 வலுவாக இருந்தாலே சான்று. வினையால் பிறக்கும் இருபுறமும் நறுமண வளையமுள்ள புது எஸ்டர் 1740-இல் வரும், ஆனால் இரண்டு பெரிய முகடுகளுக்கு நடுவே தோள்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே 1070 எழுந்திருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

எப்படி முடிவெடுப்பது

தடுப்பான் போட்டதிலும் போடாததிலும் இரண்டு நிலைமாற்றம், உருகல் முகடு அசையவில்லை, கரைந்த எடை கணக்குக்குச் சரி: பாதிக் கலப்பு, வினை இல்லை. தடுப்பான் போட்டதில் இரண்டு, போடாததில் நேரம் ஏற ஏற இரண்டும் நெருங்கி ஒன்றாகி, உருகல் முகடு கீழே சரிகிறது: நீங்கள் பார்த்த 'கலப்பு' வினையின் வேலை. இரண்டிலும் 2 நிமிட மாதிரியிலேயே ஒன்று, நேரத்தோடு எதுவும் மாறவில்லை: அது உண்மையான கலப்பு. இரண்டிலும் மெல்ல மெல்ல நெருங்கினால் தடுப்பான் குறைவு, அல்லது டைட்டானியத்தைப் போய்ச் சேரவில்லை. ஏற்றும் வரிசையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இன்னும் ஐயம் இருந்தால் ஹெக்ஸாபுளோரோ ஐசோபுரோப்பனாலில் இரண்டையும் அறை வெப்பத்தில் கரைத்து, மெத்தனாலில் வீழ்த்தி எடுத்த மாதிரியை ஒப்பிடுங்கள். சூடே படாததால் அதில் வினைக்கு இடமில்லை. கரைப்பான் விலை அதிகம், அரிக்கும் தன்மையும் உண்டு, ஆகவே தகராறுக்குரிய மாதிரிக்கு மட்டும்.

எக்ஸ்ட்ரூடருக்குப் போகும்போது

ஒரே திசையில் சுழலும் இரட்டைத் திருகு இயந்திரத்தில் உருகல் தங்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடமே. அந்த வகையில் கலவை அறையைவிட இது பாதுகாப்பு. பம்பர் வகைக் கலவைக்கு ஒரு தொடக்கக் கூட்டு: பிசி 47, பிபிடி 40, எம்பிஎஸ் கோர்-ஷெல் ரப்பர் (ரப்பர் உட்கருவைச் சுற்றிக் கடினமான ஓடுள்ள துகள்கள்) 12.5, பாஸ்பைட் 0.3, பீனால் வகை ஆக்ஸிஜன் தடுப்பான் 0.2. தடுப்பானைப் பிபிடியோடு முதல் ஹாப்பரிலும், பிசியை முடிந்தால் பக்க ஊட்டியிலும் கொடுங்கள். பேரல் 230-லிருந்து 250 வரை. டையில் உருகலின் உண்மையான சூடு 275-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் சுற்றைக் குறையுங்கள், ஹீட்டரை அல்ல. சூடு பெரும்பாலும் பிசையும் கட்டைகளிலிருந்து வருகிறது. வாக்குவம் வென்ட் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறமியிலும் கவனம் வேண்டும். பூச்சில்லாத டைட்டானியம் டை ஆக்ஸைடு, காரத்தன்மையுள்ள நிரப்பிகள் இரண்டும் பிசியை உடைக்கும். வெள்ளை கிரேடில் மட்டும் தாக்குவலிமை குறைந்து, கறுப்பில் சரியாக இருக்கிறது என்றால் முதலில் நிறமியைப் பாருங்கள்.

அடுத்த ஆபத்து மோல்டிங் கடையில். பெரிய மெஷினில் சின்ன பாகம் வார்த்தால் உருகல் பேரலில் பத்து நிமிடம் கூடக் கிடக்கும். ஒரு ஷாட், பேரல் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மெஷினைத் தேர்ந்தெடுங்கள். குருணையின் படிகமாதல் வெப்பநிலையையும் வார்த்த பாகத்தினுடையதையும் ஒப்பிட்டால், மோல்டிங்கில் எவ்வளவு வினை கூடியது என்று தெரிந்துவிடும். ரீகிரைண்ட் (அரைத்த வார்ப்புக் கழிவு) சேர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்; ஒவ்வொரு முறை உருகும்போதும் வினை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பாகத்தை வளைத்துக் கட்டிப் பெட்ரோல் தடவியதும் மெல்லிய விரிசல்கள் படர்ந்தால், பிபிடி தன் படிகத்தை இழந்துவிட்டது.

வினை வேண்டும் என்கிற இடம்

நைலான் 6–பாலிபுரொப்பிலீனில் கதை நேர் எதிர். இவை கலக்கவே கலக்காது. இங்கே வினை இல்லாவிட்டால் பொருளே இல்லை. மலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரொப்பிலீன், நைலானின் அமீன் முனையோடு எல்லைப்பரப்பில் இணைந்து, இரண்டையும் தைத்துப் பிடிக்கும். கொஞ்சம் தண்ணீர் வெளிவரும், வென்ட் வேண்டும். நைலான் 70, பாலிபுரொப்பிலீன் 25, ஒட்டியது 5 என்று எடுங்கள். ஒட்டியதில் அன்ஹைட்ரைடு 1 சதவீதம் என்றால் 100 கிராமில் 0.05 கிராம், அதாவது 0.5 மில்லிமோல். நைலானின் அமீன் முனை கிலோவுக்கு 45 மில்லிமோல் என்றால் 70 கிராமில் 3.15. அமீன் ஆறு மடங்கு அதிகம். ஆகவே அன்ஹைட்ரைடு வீணாகாது. பாலிபுரொப்பிலீனையும் ஒட்டியதையும் முதலில் உருக்கி, பிறகு நைலானைச் சேருங்கள். இங்கே டார்க் ஏறினால் நல்ல செய்தி.

சோதிக்கக் கருவி வேண்டாம். ஒரு கிராமை 25 மி.லி. 90 சதவீத பார்மிக் அமிலத்தில் போட்டு ஒரு நாள் விடுங்கள், மூடியைத் தளர்த்தியே வையுங்கள். நைலான் கரையும். வினை நடக்காத கலவையில் பாலிபுரொப்பிலீன் மேலே வெள்ளை ஏடாக மிதக்கும், கீழே திரவம் தெளிந்திருக்கும். நடந்திருந்தால் குப்பி முழுதும் பால்போல் கலங்கி, நாள்கணக்கில் தெளியாமல் நிற்கும். நைலான் சங்கிலி ஒட்டிய துகள்களை அமிலம் தாங்கிப் பிடித்திருக்கிறது.

நைலான் ஓட்டிய அறையில் அடுத்து பிசியை ஓட்டும் முன், ரோட்டர்களைக் கழற்றிப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) ஒரு முறையும் வெறும் பிசி ஒரு முறையும் ஓட்டி வெளியே எடுத்துப் போடுங்கள். சீல்களின் இடுக்கில் ஒட்டியிருக்கும் நைலானின் அமீன் முனைகள் கார்பனேட் பிணைப்பை நேராக வெட்டும். அடுத்த டார்க் வரைபடம் காரணமில்லாமல் சரிவதுபோல் தெரியும்.